தொலைக்காட்சி விளையாட்டுப் பொறியும் அதனை ஆக்கினோர் நினைவுகளும்

ஒரு கருவியின் வரலாற்றை எழுதப் புகுவார்க்கு இருவகைச் சான்றுகள் கிடைப்பன. ஒன்று ஏடு, மற்றையது நினைவு. குறிப்பேடுகள், ஆக்கவுரிமைப் பத்திரங்கள், நீதிமன்றத் தீர்ப்புகள் முதலியன ஏட்டின் பாற்படும். அக்கருவியை ஆக்கினோர் பின்னாளிற் சொல்லியனவும் எழுதியனவும் நினைவின் பாற்படும். அரசர்தம் வரலாற்றை ஆராய்வோர் கல்வெட்டையும் செவிவழிச் செய்தியையும் ஒப்பு நோக்கி உண்மை காண முயல்வர். பொறிகளின் வரலாற்றை ஆராய்வோரும் அவ்வாறே இவ்விரண்டையும் ஒருங்குவைத்து நோக்குதல் வேண்டும். இதனை விளக்குதற்கு மிக அண்மைக் காலத்ததாகிய ஒரு கருவியின் கதை பெரிதும் துணைபுரிகின்றது. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து விளையாடப்படும் வீடியோ விளையாட்டுப் பொறியே அக்கருவியாகும்.

விளையாட்டுக் கருவியொன்றுக்கு ஆராய்ச்சியும் வேண்டுமோ என வினவுவாரும் உளர். சக்கரத்தையோ கலப்பையையோ முதன்முதல் ஆக்கியவன் யாது நினைத்தான், எதற்கு அஞ்சினான், எதனை வேண்டாமென்று விட்டான் என்பவற்றை அறிதற்கு இன்று வழியில்லை. இப்பொறியை ஆக்கியோரோ நம் காலத்தில் வாழ்ந்து, தாம் செய்தவற்றைத் தாமே சொல்லிச் சென்றனர். ஆதலின், ஒரு புதிய பொருள் எவ்வாறு தோன்றுகின்றது என்பதைக் கற்போர்க்கு இது கிடைத்தற்கரிய எடுத்துக்காட்டாகும்.

நான்கு பக்க ஏடு

இக்கதையின் முதல்வர் றால்வ் பேயர் என்பவர். இவர் 1922ஆம் ஆண்டில் ஜேர்மனி நாட்டில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தவர். யூதர் என்ற காரணத்தாற் பள்ளியினின்றும் நீக்கப்பட்டார். 1938ஆம் ஆண்டில் அக்குடும்பம் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றது. ஆங்குத் தொழிற்சாலையொன்றிற் கூலிவேலை செய்துகொண்டே அஞ்சல்வழிக் கல்வி மூலம் வானொலி திருத்துந் தொழிலைப் பயின்று, 1940இல் தேர்ச்சி பெற்றார். உலகப் போரிற் படைப்பணி புரிந்து மீண்டபின், 1949இல் சிக்காக்கோ நகரிலே தொலைக்காட்சிப் பொறியியலிற் பட்டம் பெற்றார். பள்ளிக் கதவு அடைக்கப்பட்ட ஒருவர், தபாலில் வந்த பாடங்களைக் கொண்டு தம் வாழ்வைத் திருத்திக்கொண்டமை எண்ணத்தக்கது.

1951ஆம் ஆண்டில் லோறல் என்னும் நிறுவனத்திற் பணியாற்றியபொழுது தொலைக்காட்சிப் பெட்டியொன்றை வடிவமைக்கும் பொறுப்பு இவரிடம் வந்தது. அப்பெட்டியில் ஒரு விளையாட்டையும் சேர்க்கலாம் என்று தாம் அன்றே கூறியதாகவும், மேலாளர் அதனைப் பொருட்படுத்தவில்லை என்றும் இவர் பின்னாளில் நினைவு கூர்ந்தார். இச்செய்தி அவர்தம் நினைவு வாயிலாக அறியப்படுவது. ஆயின் பதினைந்து ஆண்டுகள் கழித்து நிகழ்ந்ததற்கோ ஏட்டுச் சான்று உண்டு.

1966ஆம் ஆண்டில் பேயர், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நாஷுவா என்னும் ஊரிலிருந்த சாண்டர்ஸ் அசோசியேற்ஸ் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளருள் ஒருவராக விளங்கினார். அது படைத்துறைக்குக் கருவிகள் செய்யும் நிறுவனம். அவ்வாண்டு ஓகஸ்ட் 31ஆம் நாள் நியூயோர்க் நகரப் பேருந்து நிலையமொன்றில் உடன்பணியாளர் ஒருவருக்காகக் காத்திருந்த வேளையில், தொலைக்காட்சிப் பெட்டியை விளையாட்டுக்குப் பயன்படுத்தும் எண்ணம் அவருக்கு மீண்டும் எழுந்தது. மறுநாள், செப்டெம்பர் 1ஆம் நாள், அலுவலகத்தில் அமர்ந்து நான்கு பக்கங்களில் அதனை எழுதி நாளுமிட்டார். அவ்வேட்டின் தொடக்கம் படைத்துறைக் கருவிக்குரிய நடையில் அமைந்துள்ளது. போகப்போக நடை மாறி, அக்கருவி பயன்படுத்தும் அலைவரிசைக்கு 'விளையாடுவோம்' என்னும் பொருள்படப் பெயரும் சூட்டப்படுகின்றது. படைக்கருவி செய்யும் நிறுவனத்தில் விளையாட்டுப் பொருளை முன்மொழியும் ஒருவரின் தயக்கம் அந்நடை மாற்றத்தில் வெளிப்படையாகத் தெரிகின்றது.

அப்பொறி ஏறத்தாழ 20 டொலருக்கு விற்கப்படல் வேண்டும் என்பது அவர் கருத்து. இவ்விலையே பின்வந்த அனைத்தையும் வகுத்தது எனலாம். 1966 டிசெம்பரில் முதல் மாதிரி ஆயத்தமாயிற்று. அது திரையில் ஒரு கோட்டை நகர்த்தியதேயன்றி வேறெதுவும் செய்யவில்லை. அதனைக் கண்ட நிறுவனத்தின் ஆராய்ச்சி நெறியாளர் 2,500 டொலர் ஒதுக்கினார். அதில் 2,000 டொலர் உழைப்புக்கும் 500 டொலர் பொருள்களுக்கும் உரியன. 1967இல் வில்லியம் ஹரிசன் என்பவர் சுற்றுகளை அமைத்தார். பின்னர் வில்லியம் றஷ் என்னும் பொறியியலாளர் வந்து சேர்ந்தார். ஆட்டக்காரர் இருவரும் தத்தம் புள்ளியை நகர்த்த, பொறியே இயக்கும் மூன்றாவது புள்ளியொன்று அவற்றிடையே பந்தாகத் துள்ளலாம் என்பது றஷின் கருத்து. அவ்வாண்டு நவெம்பரளவில் மேசைப்பந்து விளையாட்டுத் திரையில் ஓடிற்று. ஏழாவது மாதிரி, மரநிறத் தாள் ஒட்டப்பெற்றமையால் 'கபிலப் பெட்டி' என்னும் பெயர் பெற்றது.

ஒளிப்புள்ளி தோன்றும் விதம்

கணினியின் துணையின்றித் திரையிற் பந்து துள்ளியது எங்ஙனம் என்ற ஐயம் எழுதல் இயல்பு. அமெரிக்கத் தொலைக்காட்சியின் பழைய முறையில் ஒரு படம் 525 வரிகளால் ஆயது. இலத்திரன் கற்றை இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் திரையைத் துடைத்துச் செல்லும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒவ்வொரு துடைப்பின் தொடக்கத்திலும் ஒத்திசைவுத் துடிப்பு ஒன்று அனுப்பப்படும்.

பேயர் குழுவினர் கையாண்ட வழி எளியது. வரி தொடங்கியபின் குறித்த சிறு தாமதத்தில் ஒரு துடிப்பு எழும். படம் தொடங்கியபின் குறித்த தாமதத்தில் இன்னொன்று எழும். இவ்விரண்டும் ஒருங்கே நிகழும் கணத்தில் மட்டும் கற்றை ஒளிரும். அவ்விடத்தில் வெண்ணிறச் சதுரமொன்று தோன்றும். கையிலுள்ள குமிழைத் திருகினால் மாறுந்தடை தாமதத்தை மாற்றும், சதுரமும் இடம்பெயரும். இரு சதுரங்களுக்குரிய துடிப்புகள் ஒரே வேளையில் எழுமாயின் அவை திரையில் மோதின என்பது பொருள். அம்மோதலையே அடையாளமாகக் கொண்டு ஒரு சுற்று தன் நிலையை மாற்ற, பந்து திரும்பிச் செல்லும். இடம் என்பது ஈண்டுக் காலமாகவே அளக்கப்பட்டது. நினைவகம் இல்லை, செய்நிரல் இல்லை, சில பத்துத் திரான்சிற்றர்களும் இருவாயிகளுமே இருந்தன. ஒருங்கிணைந்த சுற்றுகள் அக்காலத்தில் இருந்தனவாயினும் வீட்டுப் பொருளொன்றில் இடுதற்கு விலை மிகுந்தவை. ஆதலின் சிக்கனம் ஒன்றே இவ்வமைப்பை ஆக்கியது.

தொலைக்காட்சி உற்பத்தியாளர் பலருக்கும் இப்பெட்டி காட்டப்பட்டது. ஆர்சிஏ நிறுவனத்தோடு நிகழ்ந்த பேச்சு முறிந்தது. ஈற்றில் 1971இல் மக்னவொக்ஸ் நிறுவனம் உடன்பட்டது. 1972 செப்டெம்பரில் 'ஒடிசி' என்னும் பெயரோடு உலகின் முதல் வீட்டு விளையாட்டுப் பொறி 99.95 டொலர் விலையிற் கடைகளுக்கு வந்தது. கபிலப் பெட்டியிலிருந்த வண்ணப் பின்னணி செலவு கருதி நீக்கப்பட்டு, திரையின்மேல் ஒட்டும் நிறத்தாள்கள் அதற்கு ஈடாக வழங்கப்பட்டன. ஒலி இல்லை. வெற்றி தோல்விப் புள்ளிகளையும் ஆட்டக்காரரே கணக்கிடல் வேண்டும். பகடைகளும் சீட்டுகளும் உடன் இணைக்கப்பட்டிருந்தன. விலை உயர்ந்ததையும் தேவையற்ற பொருள்கள் சேர்க்கப்பட்டதையும் பேயர் தம் இறுதிக்காலம் வரை குறைகூறி வந்தார். மக்னவொக்ஸ் தொலைக்காட்சிப் பெட்டியோடு மட்டுமே இஃது இயங்கும் என மக்கள் தவறாகக் கருதியதும் விற்பனையைக் கெடுத்தது என்பர். ஆயினும் 1975 வரை ஏறத்தாழ 3,50,000 பொறிகள் விற்பனையாயின.

பயிற்சியாகப் பிறந்த விளையாட்டு

1972 மே 24ஆம் நாள் கலிபோர்ணியா மாநிலத்திற் பர்லிங்கேம் என்னும் ஊரில் ஒடிசி காட்சிக்கு வைக்கப்பட்டது. வந்தோர் கையொப்பமிடும் ஏட்டில் நோலன் புஷ்னெல் என்பவரும் ஒப்பமிட்டார். சின்னாட்களில் அவர் அற்றாரி நிறுவனத்தைச் சட்டப்படி நிறுவி, அலன் அல்கோர்ண் என்னும் இளம் பொறியியலாளரை வேலைக்கு அமர்த்தினார். அல்கோர்ணுக்கு அப்பொழுது வயது இருபத்துநான்கு.

அல்கோர்ண் கூறும் நினைவுகள் சுவையும் பயனும் மிக்கவை. மேசைப்பந்து விளையாட்டை அமைக்குமாறு அவருக்குப் பணித்தபொழுது, ஜெனரல் எலெக்றிக் நிறுவனம் அதற்குக் கட்டளை தந்திருப்பதாகப் புஷ்னெல் சொன்னாராம். அத்தகைய கட்டளை எதுவும் இருக்கவில்லை. புதியவர் கைபழகுதற்குரிய பயிற்சியாகவே அது கொடுக்கப்பட்டது. இதனை அறியாத அல்கோர்ண், விற்பனைக்குரிய பொருளென்றே கருதி அதனைச் செம்மை செய்தார். மட்டையை எட்டுப் பகுதிகளாக வகுத்து, பந்து பட்ட இடத்துக்கேற்ப அது திரும்பும் கோணம் மாறுமாறு அமைத்தார். ஆட்டம் நீடிக்கும்போது பந்தின் வேகம் கூடுமாறும் செய்தார். மக்கள் ஆரவாரிக்கும் ஒலி வேண்டும் எனப் புஷ்னெல் கேட்டபொழுது அதற்குரிய பகுதிகள் அவரிடம் இல்லை. ஒத்திசைவுச் சுற்றில் முன்னரே ஓடிக்கொண்டிருந்த அலைவுகளுட் சிலவற்றை எடுத்து ஒலிபெருக்கியோடு இணைத்தார். உலகம் முழுதும் கேட்ட அந்த 'பொங்' ஒலி இவ்வாறே பிறந்தது. சுற்றின் குறையொன்றால் மட்டை திரையின் உச்சிவரை செல்லவில்லை. அதனைத் திருத்தாது விட்டுவிட்டார். வல்ல ஆட்டக்காரர் இருவர் முடிவின்றி ஆடிக்கொண்டிருத்தலை அக்குறையே தடுத்தது என்பது அவர் கண்டது.

இவற்றுள் ஒன்றேனும் சுற்று வரைபடத்தைப் பார்ப்போர்க்குப் புலனாகாது. வரைபடத்தில் மட்டை உச்சியை எட்டாமை தெரியும்; அது தவறா, வேண்டுமென்று விடப்பட்டதா என்பது தெரியாது. காரணத்தைச் சொல்வது நினைவு மட்டுமே. காசிட்டு ஆடும் பொறியாக 1972இல் வந்த 'பொங்', அல்கோர்ண், ஹரோல்ட் லீ முதலியோர் முயற்சியால் ஒற்றைச் சில்லினுள் அடக்கப்பட்டு, 1975ஆம் ஆண்டு நத்தார்க் காலத்திற் சியர்ஸ் கடைகள் வாயிலாக வீடுகளுக்கும் சென்றது. அப்பருவத்தில் ஏறத்தாழ 1,50,000 பொறிகள் விற்பனையாயின.

மன்றத்தில் ஏடும் நினைவும்

மக்னவொக்ஸ் நிறுவனம் 1974இல் அற்றாரி உள்ளிட்ட பல நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தது. அற்றாரி 1976இல் இணக்கம் செய்துகொண்டு, 15 இலட்சம் டொலர் கட்டணத்துக்கு உரிமம் பெற்றது. ஏனையோர் மீதான வழக்கிற் சிக்காக்கோ நீதிமன்றம் 1977 ஜனவரி 10ஆம் நாள் தீர்ப்பளித்தது. பேயரின் ஆக்கவுரிமையே வீடியோ விளையாட்டுத் துறையின் முன்னோடி உரிமை என நீதிபதி ஜோன் கிறேடி கண்டார்.

இவ்வழக்குகளில் எவ்வேடுகள் பயன்பட்டன என்பது நோக்கத்தக்கது. 1966 செப்டெம்பர் 1ஆம் நாளிட்ட நான்கு பக்கங்கள், ஹரிசன் முதலியோர் நாள்தோறும் எழுதிய ஆய்வுக் குறிப்பேடுகள், பர்லிங்கேம் காட்சியில் வந்தோர் ஒப்பமிட்ட ஏடு ஆகியன முன்வைக்கப்பட்டன. படைத்துறை நிறுவனத்தில் ஒவ்வொன்றையும் எழுதி நாளிட்டு வைக்கும் வழக்கம் இருந்தமையால் இவை கிடைத்தன. வருகை ஏட்டில் இட்ட ஒரு கையொப்பம் இத்துணைப் பயன்படும் என அன்று எவர் நினைத்திருப்பர்?

மறுபுறம், நியூயோர்க் மாநிலத்திற் புறூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடத்தில் வில்லியம் ஹிகின்பொதம் என்னும் பௌதிக அறிஞர், 1958இல் அலைவுகாட்டித் திரையில் இருவர் ஆடும் ரெனிஸ் விளையாட்டொன்றை அமைத்து ஆய்வுகூடத்தைக் காணவந்த மக்களுக்குக் காட்டியிருந்தார். அதற்கு அவர் ஆக்கவுரிமை கோரவில்லை. 1980களில் பேயரின் உரிமையை மறுக்க முயன்றோர் அதனை எடுத்துக்காட்டினர். அது தொலைக்காட்சிக்குரிய வீடியோ குறிகையைப் பயன்படுத்தவில்லை என்ற காரணத்தால் மன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. சட்டத்தின் கண்ணுக்கு முதல்வர் ஒருவர். வரலாற்றின் கண்ணுக்கோ முன்னோர் பலர். இவ்விரு நோக்கும் ஒன்றல்ல என்பதை மாணவர் உணர்தல் நன்று. அவற்றுள் ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதுமில்லை.

காலந்தாழ்த்திக் கேட்கப்பட்ட குரல்

ஒடிசியிலும் வீட்டுப் பொங்கிலும் விளையாட்டுகள் சுற்றினுள்ளேயே கட்டுண்டு கிடந்தன. ஒரே பொறியிற் புதிய புதிய விளையாட்டுகளை மாற்றி ஆடும் வழியை முதலில் வீடுகளுக்குக் கொணர்ந்தது பெயர்சைல்ட் நிறுவனத்தின் 'சனல் எப்' என்னும் பொறியாகும். அது 1976 நவெம்பரில் 169.95 டொலர் விலைக்கு வந்தது. செய்நிரலை நினைவகச் சில்லில் நிலையாகப் பதித்துத் தனிப் பேழையாக்கிச் செருகும் கருத்து, அல்பெக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த வொலஸ் கேர்ஷ்னர், லோறன்ஸ் ஹாஸ்கெல் ஆகியோரது. அதனைப் பெயர்சைல்டின் எப்8 நுண்முறைவழியாக்கிக்கு ஏற்ப மாற்றி, வீட்டுப் பொருளாக்கும் பணியை வழிநடத்தியவர் ஜெரி லோசன்.

லோசன் 1940இல் நியூயோர்க் நகரிற் பிறந்த கறுப்பின அமெரிக்கர். முதல் வகுப்பில் ஆசிரியை ஒருவர், கறுப்பின வேளாண் அறிஞர் ஜோர்ஜ் வொஷிங்ரன் காவரின் படத்தைத் தம் மேசையருகே வைத்திருந்ததையும், தாமும் அவ்வாறு ஆகலாம் என்ற எண்ணத்தை அப்படம் எழுப்பியதையும் அவர் முதுமையிலும் மறவாது கூறினார். பதின்மூன்றாம் வயதிலேயே வானொலி நிலையமொன்றை வீட்டில் அமைத்து உரிமம் பெற்றார். பிறர் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிகளைத் திருத்திப் பொருளீட்டினார். கல்லூரியிற் பயின்றும் பட்டம் பெறவில்லை.

பேழையைச் செருகுதலும் கழற்றுதலும் இன்று எளிதாகத் தோன்றும். அன்று அதுவே பெருஞ் சிக்கல். சிறுவர் கம்பளத்தின்மேல் நடந்து வந்து பேழையைத் தொடும்போது உடலில் திரண்ட நிலைமின் சில்லினுட் பாய்ந்து அதனை அழித்துவிடலாம். பலநூறு முறை செருகிக் கழற்றினால் இணைப்பு முனைகள் தேய்ந்துவிடலாம். பொறியினின்றும் கசியும் வானலைகள் அயல்வீட்டுத் தொலைக்காட்சியைக் குழப்பலாம். அதனை அமெரிக்க அரசின் தொடர்பாடல் ஆணைக்குழு கடுமையாகக் கட்டுப்படுத்தியது. இவற்றை வெல்லுதற்குத் தம் குழுவினர் உலோகக் கவசமிட்டும் பொறிமுறையை மாற்றியும் பட்ட பாட்டை லோசன் விரிவாகக் கூறியுள்ளார். பொதுமக்கள் கையில் நினைவகச் சில்லைக் கொடுத்துச் செருகச் சொன்னவர் அதற்கு முன் எவருமில்லை என்பது அவர் சுட்டிய உண்மை. ஆட்டத்தை இடையில் நிறுத்தி வைக்கும் விசையும் இப்பொறியிலேயே முதலில் இடம்பெற்றது.

இத்துணை செய்தும் லோசன் பெயர் நெடுங்காலம் வெளியுலகில் விளங்கவில்லை. பேயரைப் போல அவருடைய பெயரை ஆண்டுதோறும் உச்சரிக்க ஒரு வழக்கு மன்றம் இருக்கவில்லை. பொறியும் அற்றாரியின் வெற்றியால் மறைப்புண்டது. தம் குரலை மட்டும் கேட்டுப் பழகியோர் நேரிற் கண்டபொழுது திகைத்ததுண்டு என அவர் கசப்பின்றிச் சொன்னார். 2009இல் வெளிவந்த நீண்ட செவ்வியொன்றிலேயே அவர் கதை விரிவாகப் பதிவு பெற்றது. 2011 மார்ச்சில் விளையாட்டு ஆக்குநர் சங்கம் அவரைப் பாராட்டியது. அடுத்த மாதம் 9ஆம் நாள் அவர் காலமானார். அச்செவ்வி இன்னும் இரண்டு ஆண்டுகள் பிந்தியிருப்பின் நிலைமின்னும் கம்பளமும் காவரின் படமும் அவரோடு மறைந்திருக்கும்.

நூற்றிருபத்தெட்டுப் பைற்று

அற்றாரி நிறுவனம் 1977 செப்டெம்பரில் ஏறத்தாழ 200 டொலர் விலையில் விற்பனைக்கு விட்ட பொறி, பின்னர் '2600' என்னும் பெயராற் புகழ்பெற்றது. ஸ்ரீவ் மேயர், ரொன் மில்னர் ஆகியோர் அதன் அடிப்படையை வகுத்தனர். ஜே மைனரும் ஜோ டெக்குயரும் அதன் உயிர்நாடியாகிய படச்சில்லை அமைத்தனர். உருவாகும் காலத்தில் அதற்கு 'ஸ்ரெல்லா' என்ற மறைபெயர் வழங்கிற்று. அது டெக்குயரின் மிதிவண்டியின் பெயர்.

அப்பொறியின் எழுதத்தக்க நினைவகம் 128 பைற்று மட்டுமே. திரையில் 160 புள்ளி அகலமும் 192 வரி உயரமும் கொண்ட படமொன்றைப் புள்ளிக்கு ஒரு பிற்று வீதம் சேமித்து வைப்பதற்கே 3,840 பைற்று வேண்டும். அஃது இருந்ததன் முப்பது மடங்கு. நினைவகம் விலை மிகுந்த அந்நாளில் வீட்டுப் பொறிக்கு அது கட்டுப்படியாகாது. ஆதலின் படத்தைச் சேமித்தல் என்பதையே இவர்கள் கைவிட்டனர். சில்லு ஒரு வரிக்குரிய செய்தியை மட்டும் ஏந்தும். கற்றை அவ்வரியைத் துடைத்து முடிப்பதற்குள் செய்நிரல் அடுத்த வரிக்குரியதை மாற்றிக் கொடுத்தல் வேண்டும். ஒரு வரிக்குக் கிடைப்பது 76 கடிகாரச் சுற்றுகள். பேயரின் பெட்டியைப் போலவே இங்கும் இடம் காலமாகவே அளக்கப்பட்டது. அன்று சுற்று செய்ததை இப்பொழுது செய்நிரல் செய்தது.

இரண்டு ஆட்டக்காரர், இரண்டு ஏவுகணை, ஒரு பந்து, ஒரு களம் என்பனவே அச்சில்லு வரையத்தக்கவை. பொங், தாங்கிப் போர் ஆகிய இருவகை ஆட்டங்களை மனத்திற்கொண்டே அவ்வாறு அமைத்தனர் என்பது டெக்குயர் முதலியோர் கூற்று. இதனை அறிந்த பின்னரே அப்பொறியின் விசித்திர அமைப்புப் பொருள்படுகின்றது. ஆயினும் ஒரு வரியில் வரைந்த உருவை அடுத்த வரிகளில் மாற்றி மாற்றி வரையலாம் என்று கண்ட செய்நிரலாளர், ஆக்கியோர் கனவிலும் கருதாத விளையாட்டுகளை அதில் ஓடவிட்டனர். பொறி 1992 வரை விற்பனையில் நின்றது.

அச்செய்நிரலாளர் பெயரை அற்றாரி வெளியிடவில்லை. மனம் பொறாத வொறன் றொபினெற், தாம் எழுதி 1980இல் வெளிவந்த 'அட்வென்சர்' என்னும் விளையாட்டில் மறைவான அறையொன்றை அமைத்து, அதனுள் தம் பெயரை எழுதி வைத்தார். சிறுவன் ஒருவன் அதனைக் கண்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியபொழுதே செய்தி வெளிப்பட்டது. அதற்குள் றொபினெற் வேலையை விட்டு நீங்கியிருந்தார். டேவிட் கிறேன் முதலியோர் 1979இற் பிரிந்து சென்று அக்ரிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கி, ஆக்கியோர் பெயரை வெளிப்படையாக அச்சிட்டனர். செய்தவன் பெயர் நிலைத்தல் வேண்டும் என்ற வேட்கை எத்துணை வலியது என்பதற்கு இவை சான்று.

கியோத்தோவில் ஒரு தொலைபேசி அழைப்பு

யப்பானிய நின்டெண்டோ நிறுவனத்தின் மசயுகி உவெமுரா 1943இற் பிறந்தவர். ஒளிக்கலங்களை விற்கும் பணியில் அந்நிறுவனத்தோடு தொடர்புற்றுப் பின் அங்கேயே பொறியியலாளரானார். 1981 நவெம்பரில் ஓரிரவு நிறுவனத் தலைவர் யமவுச்சி தொலைபேசியில் அழைத்து, பேழை மாற்றி ஆடத்தக்க வீட்டுப் பொறியொன்றைச் செய்யுமாறு கூறினார். தலைவர் மதுவருந்திய பின் இவ்வாறு அழைப்பது வழக்கமாதலின் தாம் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை என்றும், மறுநாட் காலையில் தலைவர் நேரில் வினவிய பின்னரே அது மெய்யென உணர்ந்ததாகவும் உவெமுரா முதுமையில் நகைத்துக் கூறினார்.

பிற நிறுவனங்களின் பொறிகளைப் பிரித்துச் சில்லுகளை ஆராய்ந்து, ரிக்கோ நிறுவனத்தோடு கூடிப் புதிய சில்லுகளை அமைத்தனர். யப்பானிற் பலரும் அறியாத 6502 வகை முறைவழியாக்கியைத் தெரிந்துகொண்டமை, பிறர் விரைவிற் போலி செய்யாதவாறு தடுத்தற்கும் உதவிற்று. 1983 ஜூலை 15ஆம் நாள் 'பமிகொம்' 14,800 யென் விலைக்கு வெளிவந்தது. தொடக்கத்தில் அமைத்த சதுர இறப்பர்ப் பொத்தான்கள் அழுத்தியபின் மேலெழாது சிக்கிக்கொண்டன. வட்டமான கடினப் பொத்தான்களாக அவை மாற்றப்பட்டன. அமெரிக்கச் சந்தைக்கு 1985இல் அனுப்பிய பொறியில், வீடியோ நாடாப் பெட்டியைப் போன்று முன்பக்கத்திற் பேழையைச் செருகும் புதிய அமைப்பு இடம்பெற்றது. நாளடைவில் அவ்விணைப்புத் தளர்ந்து படம் தோன்றாது போதல் பலர் வீட்டிலும் நிகழ்ந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் லோசன் அஞ்சிய இணைப்பு முனைகளே இங்கும் இடர்செய்தன. எனினும் இருவகைப் பொறிகளும் உலகெங்கும் ஆறு கோடிக்கு மேல் விற்பனையாயின. உவெமுரா 2004இல் ஓய்வுபெற்று, கியோத்தோவிலுள்ள ரிற்சுமெய்க்கான் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு வரலாற்றைக் கற்பித்தார். 2021 டிசெம்பர் 6ஆம் நாள் காலமானார்.

இருவகைச் சான்றின் பயன்

மேற்கூறியவற்றை ஒருங்கு நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். யார், எப்பொழுது என்ற வினாக்களுக்கு ஏடு விடை தருகின்றது. ஏன், எவ்வாறு என்ற வினாக்களுக்கு நினைவு விடை தருகின்றது. நாளிட்ட ஏடு இல்லாதிருப்பின் பேயரின் பேருந்து நிலையக் கதை, சொல்லப்பட்ட பல கதைகளுள் ஒன்றாய் ஒழிந்திருக்கும். நினைவு இல்லாதிருப்பின் மட்டை ஏன் உச்சியை எட்டவில்லை என்பதையும், படச்சில்லு ஏன் இரண்டே ஆட்டக்காரரை அறியும் என்பதையும் எவ்வேட்டிலும் காணவியலாது.

நினைவுக்கும் குறைகள் உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்லக் கதை திருந்திச் சுவை கூடும். பிறர் பங்கு குறுகித் தன் பங்கு வளரும். ஆதலின் நினைவை ஏட்டால் உரைத்துப் பார்த்தல் வேண்டும். ஏட்டுக்கும் குறையுண்டு. எழுதி வைக்கும் வழக்கமும் வசதியும் உடையோரையே அது காட்டும், எழுதாதாரை மறைக்கும். ஹரிசனின் குறிப்பேடும் றஷின் பந்தும் இருந்தமையாலேயே ஒடிசி ஒருவரின் ஆக்கமன்று, மூவரின் கூட்டு முயற்சி என்பது தெளிவாயிற்று.

பேயர் இதனை நன்குணர்ந்திருந்தார். தம் மாதிரிகளையும் ஏடுகளையும் 2006இல் வொஷிங்ரனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அளித்தார். அதற்கு முந்திய ஆண்டிலேயே தம் நினைவுகளை நூலாகவும் வெளியிட்டிருந்தார். 2014இல் அவர் காலமானபின், அவர் வீட்டு வேலைக்கூடம் அங்குள்ள அருங்காட்சியகத்தில் மக்கள் காணுமாறு மீள நிறுவப்பட்டது. ஏடும் நினைவும் ஒருங்கே கிடைக்கும்படி செய்து சென்ற ஆக்குநர் மிகச் சிலரே.

ஆய்வுகூடத்திற் பயிலும் மாணவர், செய்த சோதனையை அன்றன்றே எழுதி நாளிடுமாறு ஆசிரியர் வற்புறுத்துவர். அதனை வெறுஞ் சடங்கென எண்ணுவார் பலர். நான்கு பக்கங்களும் ஒரு நாட்குறியும் ஒரு துறையின் முதல்வரை நிறுவின என்பதை அவர்கள் கருதுதல் நன்று. அதுபோன்றே, ஒரு தொழிலிற் பழுத்த முதியோர் நம்மிடையே வாழும்போதே அவரை அணுகி, இதனை ஏன் இவ்வாறு செய்தீர் என வினவி எழுதி வைத்தலும் கற்றோர் கடனாகும். எழுதாத ஏட்டைப் பின்னர் எழுதவியலாது. கேளாத நினைவைப் பின்னர்க் கேட்கவும் இயலாது.